படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்

மதிப்பிற்குரிய நாடக விழாக் குழுவினருக்கு,

வணக்கம். என் விண்ணப்பம் உங்களிடம்தான் இருக்கிறது. ‘வாயிலோன்’, செய்யுள் நாடகம், ஒன்றே முக்கால் மணி நேரம், ஏழு நடிகர்கள். அதற்கு உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: “அண்ணாச்சி, ஸ்கிரிப்ட்டு நல்லாத்தான் இருக்கு. எந்தப் பிரிவுல சேக்கன்னுதான் தெரியல. இதையே உரைநடையா மாத்திக் குடுத்திருங்களேன். இல்லன்னா கவியரங்கத்துல பத்து நிமிஷம் தாரோம், நீங்களே வாசிச்சிருங்க.”

உங்கள் படிவத்தில் சமூகம், வரலாறு, நகைச்சுவை, சிறுவர், பரிசோதனை என்று ஐந்து கட்டங்கள் உண்டு. நான் ஐந்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பேனாவால் ‘செய்யுள் நாடகம்’ என்று எழுதி, பக்கத்தில் நானே ஒரு கட்டம் போட்டு, டிக் அடித்து அனுப்பினேன். குறும்புதான், மன்னிக்க வேண்டும். ஆனால் நான் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அதை நீங்களே அச்சடித்துக் கொடுங்கள்.

விண்ணப்பம் போனால் போகிறது என்று விழாத் தொடக்கத்துக்கு வந்திருந்தேன். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். அரசாணைப்படி 55 விநாடி. மனோன்மணீயம் என்ற செய்யுள் நாடகத்தின் பாயிரத்தில் வரும் அடிகள் அவை (சிலவற்றை வெட்டிவிட்டுத்தான் பாடுகிறோம்). பாடி முடித்து உட்கார்ந்ததும், செய்யுள் நாடகத்துக்கு இடமில்லாத ஒரு நாடக விழா தொடங்கியது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கும் மன்னிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே அந்த நாடகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறோம். பஸ்ஸில் கேட்டால் ‘எம்.எஸ். யுனிவர்சிட்டி’. இரண்டு எழுத்து மிச்சம்.

இனி ஒத்திகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

கண்ணகியை உள்ளே விட்ட அரண்மனை வாயில்காவலன் அன்றிரவு வீட்டுக்குப் போயிருப்பான் அல்லவா? மதுரை எரிகிறது. வீட்டில் மனைவி இருக்கிறாள். என் நாடகம் அவ்வளவுதான். மனைவியாக நடிக்கும் பெண் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறார். கடையில் உட்கார முடியாது. இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து, ஒரு தொடக்கப்பள்ளி வராந்தாவுக்கு வருவார். அங்கேதான் ஒத்திகை. வந்ததும் பத்து நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். 212 அடிகள் அவருக்கு. சேலை மடிக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தாராம். சூப்பர்வைசர் ‘யாரத் திட்டுத?’ என்று கேட்டாராம்.

முதல் இரண்டு மாதம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரிதான் வந்தது. அடிக்கு அடி நின்றுவிடுவார். நான் தரையில் தட்டித் தட்டிச் சீர் பிரித்துக் காட்டினேன், பிறகு அதை மறக்கச் சொன்னேன். ஒரு நாள் இரவு, கணவன் எரிகிற ஊரையே பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் வந்தது.

ஊரும் எரிய உலையும் எரிய
ஊர்த்தீ அணைக்க உம்மால் ஆகுமோ
உலைத்தீ மட்டும் உண்டென் கையில்
சோறு வடித்தேன் வந்தமர் வீரே

அன்றைக்கு அவர் அடியின் முடிவில் நிற்கவில்லை. ‘உலைத்தீ மட்டும்’ என்றதும் ஒரு மூச்சு நின்றார். அப்புறம் மிச்சத்தைக் கரண்டியைக் கழுவி வைக்கிற அலுப்போடு சொன்னார். காவலனாக நடிப்பவர் மின்வாரியத்தில் இருக்கிறார், எட்டு நாடகம் பார்த்தவர். தன் வசனத்தை மறந்துவிட்டு, பேசாமல் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காரலைத்தான் இப்போது நாடகத்தில் வைத்திருக்கிறோம்.

உங்கள் பதிலை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, “உரைநடையா மாத்துனா அந்தச் சோறு வடிக்கிற எடம் எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டார். மாற்றிச் சொன்னேன்: ஊர் எரிகிறது, நம்மால் என்ன செய்ய முடியும், சோறு வடித்துவிட்டேன், சாப்பிட வாருங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இது எங்க வீட்ல தெனமும் சொல்லுததுல்லா சார்” என்றார். பிறகு, “அப்ப எப்ப சார் மேடை?” நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

செய்யுள் என்றால் மக்களுக்குப் புரியாது என்றும் உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922இல். அவர் பாட்டை வைத்துக்கொண்டு வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வதை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விடியவிடியக் கேட்கிறவர்கள் யார்? ஈழத்தில் ‘மஹாகவி’ என்ற புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தியும், கவிஞர் முருகையனும் பேச்சோசையிலேயே பா நாடகம் எழுதினார்கள், அவை மேடையும் ஏறின. ‘பா நாடகம்’ என்று அதற்கு ஒரு பெயரே அங்கே புழக்கத்தில் இருக்கிறது. நமக்குத்தான் கட்டம் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒன்று. போன ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினரைப் புகழ்ந்து எண்சீர் விருத்தம் மூன்று கேட்டீர்கள், பெயர் எதுகையில் வர வேண்டும் என்று. எழுதிக் கொடுத்தேன். அவர் பெயருக்கு எதுகை தேடியே இரண்டு இரவு போயிற்று. அன்றைக்கு மக்களுக்குப் புரியுமா என்று யாரும் கவலைப்படவில்லை.

குற்றம் முழுவதும் உங்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். மனோன்மணீயம் வெளிவந்த 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்தனாரின் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவும் தொடங்கியது. உரைநடை மேடைக்குப் போயிற்று, செய்யுள் நாடகம் புத்தகத்தோடு நின்றுகொண்டது. மனோன்மணீயமே படிப்பதற்கான நாடகம் என்பார்கள், நானும் மறுக்கவில்லை. பின்னால் வந்த எங்கள் ஆட்கள் பலரும் பாடத்திட்டத்தை மனதில் வைத்து எழுதினார்கள். ஒரு பாத்திரம் அறுபது அடி பேசும், எதிரே நிற்பவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பான். மேடையைப் பார்க்காமல் எழுதினால் அப்படித்தான் ஆகும். ஆனால் மேடை கொடுத்தால்தானே ஐயா பார்ப்பது?

பணம் கேட்கிறேனோ என்று பயப்பட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இராசராசேச்சுர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு நாளுக்குத் தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம். கலம், தூணி என்று அளவோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னாடை போர்த்தியதாக எழுதவில்லை. என் பீரோவில் கவியரங்கங்களில் வாங்கிய பொன்னாடை 31 இருந்தது. அதைத்தான் என் மனைவி பிரித்துத் தைத்து, பாண்டியனுக்கு மேலாடை, காவலனுக்குத் தலைப்பாகை, மேடைக்கு முன்திரை என்று ஆக்கியிருக்கிறார். நீங்கள் போர்த்திய இரண்டும் திரையில், இடது பக்கம் கீழே இருக்கின்றன. ஜரிகை கொஞ்சம் உதிர்கிறது, மற்றபடி உறுதிதான்.

ஆகவே உடை, திரை, நடிகர்கள் எல்லாம் எங்களிடம் இருக்கிறது. நாங்கள் கேட்பது படிவத்தில் ஒரு கட்டம், விழாவில் ஒரு மாலை. கவியரங்கத்தில் பத்து நிமிடம் வேண்டாம். ஒன்றே முக்கால் மணி நேரமும் வேண்டும், செய்யுளாகவே வேண்டும்.

முடிவெடுக்கும் முன் குழுவிலிருந்து ஒருவராவது வந்து ஒத்திகையைப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வியாழன்தோறும் இரவு பத்து மணிக்குத் தொடங்குவோம். அங்கே இருப்பது முதல் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுதான், கால் மடக்கி உட்கார வேண்டியிருக்கும். ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடாதீர்கள், அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தில் கட்டம் போட்டவன்
திருநெல்வேலி