அதே இன்ஜின் போதும், கண்ணு

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

நம் மாருதி 800 புகை கக்குவதைக் காட்டி நீ அனுப்பிய வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அம்மா கூட, "புகையைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு இருமல் வரப்போகுது" என்றாள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்சம் நீலப்புகை வந்து அப்புறம் நின்றுபோனால், வால்வு சீல் போயிருக்கிறது என்று விட்டுவிடலாம். உன் வண்டி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகைகிறது. அது பிஸ்டன் ரிங்கும், போர் என்கிற சிலிண்டர் உள்சுவரும் தேய்ந்துபோன புகை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி உன் மெக்கானிக் எடுத்த போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுச் சிலிண்டரில் மேலிருந்து கீழாக ஓடும் கோட்டில் நகத்தை வைத்தால் மாட்டும். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்த அன்று வந்த வினை அது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நீ பத்திரமாக இறங்கினாயே, எனக்கு அது போதும். அதை நினைத்து இன்னும் வருத்தப்படாதே.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் அடித்து, பெரிய பிஸ்டன் போட்டுவிடலாமா என்று கேட்டாய். முப்பது வருஷம் போர் அடித்தே சோறு தின்றவன் நான். முடியுமென்றால் இன்றைக்கே வண்டியை இங்கே ஏற்றி அனுப்பச் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த பிளாக்கை நானே இரண்டு முறை அடித்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபோது சிலிண்டர் அளவு 68.5 மில்லிமீட்டர். முதல் முறை அதைவிடக் கால் மில்லி பெரிய பிஸ்டன் போட்டேன். இரண்டாவது முறை, கம்பெனி அளவைவிட அரை மில்லி பெரியது. இப்போது 69இல் நிற்கிறது. கம்பெனி தருகிற பெரிய அளவு (ஓவர்சைஸ்) பிஸ்டன் அதோடு சரி. சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கி ஸ்லீவ் அடிக்கலாம்தான். ஆனால் சூடாகி ஹெட்டே வளைந்துபோன இன்ஜினில் அத்தனை காசைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு இன்ஜின் மாற்றுவதுதான் சரி.

எந்த இன்ஜின் என்பதில்தான் நீயும் நானும் ஒத்துப்போகவில்லை. மாருதி சென் (Zen) காரின் இன்ஜினை வைத்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியை ஏறிக் கடக்கலாம் என்று உன் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இன்ஜினைப் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை. 993 சிசி, நாலு சிலிண்டர், அருமையான இன்ஜின். ஆனால் 800இன் முன்பக்கம் மூன்று சிலிண்டர் குறுக்காகப் படுக்கிற இடம். அங்கே நாலு சிலிண்டரை உட்கார வைக்க மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். கியர்பாக்ஸ், ஆக்சில், ரேடியேட்டர், சைலன்சர் பைப் என்று ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்துகொண்டே இருக்கும். அதையும் செய்துவிடலாம் என்றே வைத்துக்கொள். பிரேக்கை என்ன செய்வாய்? இது சுமார் 650 கிலோ வண்டி. 12 இஞ்ச் சக்கரம், 145 அகல டயர். இந்த எடைக்கும் 37 குதிரைச் சக்திக்கும் என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஓடுகிற வேகத்தைக் கூட்டினால் நிற்கிற சக்தியும் கூட வேண்டும் இல்லையா? சென்னுக்கு அவர்கள் 13 இஞ்ச் சக்கரம் கொடுத்தது சும்மா இல்லை.

பிக்கப் இல்லை என்கிறாயே, அது இந்த வண்டியின் குணமே இல்லை கண்ணு. கம்ப்ரஷன் போன, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம் குறைந்த இன்ஜினைத்தான் நீ இரண்டு வருஷமாக ஓட்டுகிறாய். இதே வண்டியில் நாம் நாலு பேரும் மூட்டை முடிச்சோடு குன்னூர் மலை ஏறினோம். இரண்டாம் கியரில் எங்கேயும் திணறாமல் ஏறியது, நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். இன்னொன்று, டிக்கியில் இருக்கிற அந்தப் பாட்டுப் பெட்டியை இறக்கிவிடு. பெரிய காரில் முப்பது கிலோ தெரியாது, இதில் தெரியும்.

மாருதி ஆம்னி வேனின் இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் 796 சிசிதானே என்று யாராவது சொல்வார்கள். சிசி ஒன்றுதான். ஆனால் ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்துப் பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. நம்முடையது குறுக்கே இருந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. கார்ப்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ என்கிற கம்ப்யூட்டர் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிந்திய 800இன் இன்ஜினும் வேண்டாம். அதற்குக் கம்ப்யூட்டர் பெட்டி, முழு வயரிங், டேங்குக்குள் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். உனக்குத் தேவை 1990களின் கார்ப்புரேட்டர் 800இன் இன்ஜின். பின்னால் அடிபட்டு ஒடுக்கு விழுந்த வண்டியாக இருந்தால் ரொம்ப நல்லது. முன்பக்கம் முழுசாக இருக்கும், கழற்றுவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லலாம்.

அப்படிக் கிடைத்தால் மூன்று பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல். மூன்று சிலிண்டருக்கும் நடுவில் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார். டீயில் ஆடை படிந்தது மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேசாமல் வந்துவிடு.

புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பெரும்பாலும் தரையில் கிடக்கிற இன்ஜினைத்தான் காட்டுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பிளக் மூன்றும் மாட்டியே இருக்கட்டும். முன்னால் இருக்கிற கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்று. இரண்டு சுற்றுக்கு மூன்று முறை ஸ்பேனர் உன் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும், மூன்றும் ஒரே பலத்தில். ஒன்று பஞ்சு மாதிரி வழுக்கினால் அந்தச் சிலிண்டர் செத்துவிட்டது. சின்ன வயதில் பட்டறையில் அளவெடுக்கிற வெர்னியரை வைத்து விளையாடிய கை உன்னுடையது, உனக்குத் தெரியும்.

இன்ஜினை விட முக்கியம் காகிதம். 2006 வாக்கில் ஒருவருக்கு நானே பில் இல்லாத இன்ஜின் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். தெரிந்த வியாபாரிதானே என்று நம்பினேன். எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்குப் போனபோது பிளாக்கில் நம்பரைச் சுரண்டி மறுபடி அடித்திருப்பது தெரிந்தது. பாவம், அந்த மனிதர் மூன்று நாள் ஸ்டேஷனுக்கு அலைந்தார். நான் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். என் மேல்தான் தப்பு. அதனால் சொல்கிறேன், நம்பர் இருக்கிற இடத்தைத் துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள். அதே நம்பர் பில்லில் இருக்க வேண்டும், கழற்றிய வண்டியின் ஆர்சி நகலிலும் இருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மீறக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வகை இன்ஜின் என்றால் ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி நம்பரை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடு. சென் இன்ஜினோடு போய் நின்றால் அடுத்த எஃப்சி கிடைக்காது. ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ் பணமும் சந்தேகம்தான்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், பின் ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டுவிட வேண்டும். ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல், ஹோஸ் அத்தனையும் புதிது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். கேஜும் ஸ்பேனர் பையும் எடுத்து வருகிறேன். சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. பழைய இன்ஜினை எடைக்குப் போடவும் வேண்டாம். கார்ப்புரேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் போன வருஷம்தான் நான் சரிபார்த்தேன், அவற்றைக் கழற்றிப் புதிதில் மாட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா