‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவுங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் உடம்புக்கும் மனசுக்கும் இதமான சைவச் சாப்பாடு என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. முதல் குறிப்பில் கினோவா, அவகேடோ, பாதாம் பால் என்று பத்தொன்பது சாமான், எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் கோபிசெட்டிபாளையத்தில் நான் வழக்கமாக வாங்கும் மளிகைக் கடையில் கினோவா கேட்டால் மருந்துக் கடையைக் கைகாட்டுவார்கள். அது போகட்டும், கிடைக்கிற ஊர்க்காரர்கள் செய்து சாப்பிடட்டும். இரண்டாவது குறிப்பு பருப்பு சாதம். சரி, இது நம்ம சமாச்சாரம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், உப்பு தேவையான அளவு, எண்ணெய் தேவையான அளவு, தண்ணீர் தேவையான அளவு, பக்குவமாக வேகவைத்து இறக்கவும் என்று முடித்துவிட்டீர்கள். ஐயா, அந்த அளவும் பக்குவமும் தெரிந்தவனுக்கு உங்கள் குறிப்பு எதற்கு?

எனக்கு 61 வயது. 34 வருஷம் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதியவன், அதனால் அளவு இல்லாத எதைப் பார்த்தாலும் கை நடுங்கும். போன வருஷம் ஆடி மாதம் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூர் போய்விட்டார், மூன்று மாதம். முதல் வாரம் மெஸ்ஸில் சாப்பிட்டேன். நாலாம் நாளே நெஞ்செரிச்சல், ராத்திரி எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி விடியக் காத்திருந்தேன். அப்போது மனசு கேட்டது ஒன்றே ஒன்றுதான், அரிசிம்பருப்பு.

வேறு ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் சோறு இது. பிசுபிசு மழை பெய்யும் சாயங்காலம், காய்ச்சல் விட்ட மறுநாள், கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பினால், எல்லாவற்றுக்கும் இதுதான். விருந்தாளிக்கு வைக்க மாட்டோம், வீட்டு ஆட்களுக்கு மட்டும்.

மனைவியிடம் போனில் கேட்டேன். “தண்ணி கண்ணளவுல ஊத்துங்க.” கண்ணளவு என்றால்? “அரிசிக்கு மேல வெரலை வெச்சுப் பாருங்க, ஒரு கணு நிக்கணும்.” எந்த விரல், எந்தக் கணு என்று கேட்டேன். “ஏனுங்க, கொழந்தை இப்பத்தான் தூங்குது” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அன்று என் சோறு மேலே அரிசியாகவும் கீழே கரியாகவும் இருந்தது. நடுவில் ஒரு விரல் கனத்துக்குச் சாப்பிட முடிந்தது.

அதைவிட மோசம் சாம்பார் வைத்த நாள். வேலை மிச்சம் என்று பருப்பு, காய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் ஊற்றிவிட்டேன். ஏழு விசில் வந்தும் பருப்பு முழித்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு வேதியியல் வாத்தியார்தான் காரணம் சொன்னார். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இளகாதாம், அதனால்தான் நம் பெண்கள் பருப்பு மலர்ந்த பிறகே புளி ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அதிலும் பருப்பு வேக நேரம் எடுக்கும். ரொம்ப நாள் கிடந்த பழைய பருப்பும் அப்படித்தான். பவானித் தண்ணீரைக் குழாயில் விடும் நாளில் பிடித்து வைத்து அதில் வேகவைத்தேன், நாலே விசில். இந்த மூன்று விஷயமும் இதுவரை நான் படித்த எந்தப் பத்திரிகைக் குறிப்பிலும் இல்லை. ‘பருப்பைக் குழைய வேகவைக்கவும்’, அவ்வளவுதான். குழையவில்லை என்றால் என்ன செய்வது, எங்கே தப்பு?

உப்புக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான். இதயம் பற்றிய கட்டுரையில் நீங்களும் இதை எழுதுகிறீர்கள், அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்பில் ‘உப்பு - தேவையான அளவு’ என்று போடுகிறீர்கள். யாருக்குத் தேவையான அளவு? இரத்த அழுத்தம் இருக்கும் எனக்கா, என் நாக்குக்கா? இதில் அப்பளமும் ஊறுகாயும் வேறு தொட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள், அவற்றின் உப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

அளவு எழுதவே முடியாது, சமையல் என்பது கைப்பழக்கம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022-இல் ஆரம்பித்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அரசாணையிலேயே இருக்கிறது. கணக்கன் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் தானியம் மூன்று பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்பதுதான் கணக்கு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு, சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பிவிடும். மனைவி பெங்களூரிலிருந்து வந்ததும் அரிசி டப்பாவில் கிடக்கும் அந்தப் பழைய டம்ளரால் அவரையே அளந்து காட்டச் சொன்னேன். மூன்று டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பருப்பு. அவர் எந்த வழிகாட்டியையும் படித்தவரில்லை, அவருடைய அம்மா போட்டதைப் போடுகிறார். அதாவது அளவு இருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை.

மனைவி ஊரில் இல்லாதபோதே, ஆயுத பூஜை லீவுக்குச் சென்னையிலிருந்து மகன் வந்தான். அவன் இப்போது வீகனாம், பால், தயிர், நெய் எதுவும் தொடுவதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, நானே இப்போதுதான் மூன்று அயிட்டம் கற்றிருக்கிறேன், இவனுக்குத் தனியாகவா என்று. யோசித்துப் பார்த்தால் தனியாகச் செய்ய ஒன்றுமே இல்லை. அரிசிம்பருப்பில் நெய்க்குப் பதில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டேன், எங்கள் ஆத்தா காலத்தில் அதுதான் வழக்கம், நெய்யெல்லாம் நோம்பி (பண்டிகை) நாளுக்கு. தட்டப்பயறு குழம்பு, பச்சைப்பயறு கடைசல், ராகிக்களி, கீரை, எதிலும் பாலே கிடையாது. அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இதை சென்னையில் ஒரு கடையில் கிண்ணத்தில் வைத்து நானூறு ரூபாய்க்குக் கொடுப்பார்கள் என்றான். எங்கள் ரேஷன் கார்டுக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்.

கொள்ளுப் பருப்பும் அவனுக்காகத்தான் கற்றுக்கொண்டேன். அரை டம்ளர் கொள்ளை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். எவ்வளவு வாசம் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், சின்னத் தீயில் நாலு நிமிஷம், கை விடாமல் கிளறி. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஏழு விசில். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அது ரசத்துக்கு. ஆறு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, இரண்டு வரமிளகாய், ஒரு ஸ்பூன் கொத்தமல்லி விதை, அரை ஸ்பூன் சீரகம், இதெல்லாம் வதக்கிக் கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் முடிந்தது. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லியே அதை மருந்து லிஸ்டில் சேர்த்துவிட்டோம், சுடுசோற்றில் பிசைந்து தின்று பாருங்கள், மருந்து மாதிரியா இருக்கிறது?

என் வேண்டுகோள் சின்னது. வேலை முடிந்து ராத்திரி ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, பசியோடு அடுப்பு முன்னால் நிற்பவனுக்கு, அறையில் தங்கி பனியன் கம்பெனிக்குப் போகிற பையனுக்கு, மனைவியை இழந்த என் வயது ஆட்களுக்கு, வாரம் ஒரே ஒரு குறிப்பு போடுங்கள். டம்ளரில் அளவு, நிமிஷத்தில் நேரம், அப்புறம் எங்கே தப்பு வரும், வந்தால் என்ன செய்வது என்று இரண்டு வரி. அடுக்குமாடி மாதிரி அலங்கரித்த படம் வேண்டாம்.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்களோ என்னவோ, என் டைரியில் உள்ளதை அப்படியே தருகிறேன். 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் புழுங்கலரிசி, மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, கழுவி 20 நிமிஷம் ஊறட்டும். மூன்று லிட்டர் குக்கரில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய், கடுகு அரை ஸ்பூன், வெடித்ததும் சீரகம் ஒரு ஸ்பூன், கிள்ளிய வரமிளகாய் மூன்று, பூண்டு ஐந்து பல், சின்ன வெங்காயம் பத்து, கருவேப்பிலை ஒரு கொத்து. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆக மூன்று நிமிஷம். சின்னத் தக்காளி ஒன்று (பெரிதாகப் போட்டால் புளிப்பில் பருப்பு அடம்பிடிக்கும்), மஞ்சள்தூள் கால் ஸ்பூன், தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு, இது மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு. தண்ணீர் நாலு டம்ளர், பச்சரிசி என்றால் மூன்றரை. தண்ணீர் கொதித்த பிறகு அரிசி பருப்பைப் போட்டு அடியோடு ஒரு கிளறு, இதை மறந்ததால்தான் எனக்கு அன்று அடிபிடித்தது. குக்கர் பாதிக்கு மேல் நிறையக்கூடாது, பருப்பு பொங்கி விசில் துவாரத்தை அடைத்துவிடும். நடுத்தரத் தீயில் நாலு விசில், அணைத்துப் பத்து நிமிஷம். விசில் தானாக அடங்கும்வரை மூடியில் கை வைக்காதீர்கள், என் சமையலறைக் கூரையில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்