அஸ்தமனத்தைக் கரையில் இருந்தே பார்க்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை விட்டதும் நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் சாயங்கால நேரம் கயாக், அதாவது துடுப்புப் போட்டுப் போகிற ஒடுக்கமான சிறு படகு, ஓட்டிப் போகிறவர்கள் கூட்டம் கூடிவிட்டது. நாகர்கோவில் பக்கத்தில் இதற்கென்றே ஒரு கிளப் இருக்கிறது, பேர் வேண்டாம், நானும் அவர்களோடு போய்வருகிறவன்தான். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு இது சுற்றுலாவை எங்கேயோ கொண்டுபோகப் போகிற விஷயம். இன்னொரு கட்சிக்கு, யாராவது செத்துக் கிடக்கும் முன்னால் தடை செய்ய வேண்டிய விஷயம். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் அதில் ஒரு நாள்கூட இறங்காத பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ பேர், அவர்கள் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொள்வது நல்ல காரியம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இருட்டும் முன்னால் கரை ஏறிவிடுங்கள்.

இப்போது நடப்பது என்னவென்றால், ஐந்து மணிக்கு மேல் எல்லாரும் வந்து சேர்ந்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுக் கயாக்கைத் தண்ணீரில் தள்ளும்போது ஐந்தரை ஆகிவிடுகிறது. அப்புறம் ஒரு கிலோமீட்டர் வெளியே போய், கயாக்கின் மூக்கை மேற்கே திருப்பி வரிசையாக நின்றுகொண்டு, ஆறரைக்குச் சூரியன் விழும்வரை போட்டோ. விளம்பரத்தில் போடுவதும் அந்தப் படத்தைத்தான். சரி, சூரியன் விழுந்தாச்சு. இனி என்ன? நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், அந்தி நீண்டு நிற்காது, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முகம் தெரியாத இருட்டு. புதிதாக வருகிற ஆள் மணிக்கு நாலு கிலோமீட்டர் துடுப்புப் போட்டாலே பெரிய விஷயம், அதிலும் கை ஓய்ந்த நேரம். ஆக, கரையில் அலை உடைகிற இடத்துக்கு வந்து சேரும்போது சரியாக இருட்டில் நிற்கிறோம். கடலில் போவதிலேயே கஷ்டமான பகுதி கரை பிடிப்பதுதான், அதைக் கண் தெரியாத நேரத்துக்கு ஒதுக்கி வைப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில் கடல் காலியாக இருக்கும் என்று வேறு நினைக்கிறார்கள். "மீன்பிடித் தடைக்காலம்தானே" என்று கிளப்பில் ஒரு தம்பி சொன்னான். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் உள்ள கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல், மே மாதங்களில் மேற்கே விசைப்படகுகளுக்கே தடை கிடையாது. தடை இருக்கும்போதும் அது விசைப்படகுக்குத்தான், வள்ளம், ஃபைபர் போட் மாதிரி சிறு படகுகள் போய்க்கொண்டேதான் இருக்கும். அதிலும் அந்தி நேரம்தான் பலர் வலை விடப் போகிற நேரம். எஞ்சின் வேகத்தில் மூக்குத் தூக்கிக்கொண்டு வருகிற ஃபைபர் போட்டில் பின்னால் நிற்கிறவருக்கு முன்னால் தண்ணீர் மட்டத்தில் கிடக்கும் கயாக் கண்ணில் படவே படாது, ஒரு அலை குறுக்கே வந்தால் கயாக்கோடு ஆளும் மறைந்துவிடுவான். துடுப்புப் போட்டுப் போகிற சிறு படகு வேறு விளக்கு வைக்காவிட்டால், மோதல் வராமல் தடுக்கச் சரியான நேரத்தில் காட்ட வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச்சாவது கையில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. எங்கள் கூட்டத்தில் டார்ச் கொண்டுவருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி செல்போன் டார்ச், தண்ணீர் புகாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் அடியில் கிடக்கும்.

ஒரு நாள் கடியப்பட்டணம் பக்கம் திரும்பி வரும்போது எனக்கு முன்னால் போன பெண்ணின் கயாக் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு துடுப்புப் போட்டும் நகரவில்லை. சாளை வலையின் மேல்கயிறு, வெள்ளை மிதவை எல்லாம் தண்ணீர் நிறத்திலேயே கிடந்தது, பகலாக இருந்தால் முப்பது அடி முன்னாலேயே தெரிந்திருக்கும். கயாக்கின் பின்பக்கச் சுக்கான் அதில் மாட்டியிருந்தது. கூட வந்த ஒருவர் கத்தியை எடுத்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் வலைக்காரர் வள்ளத்தை ஓட்டி வந்து, ஒரு வார்த்தை திட்டாமல் குனிந்து கயிற்றைச் சுக்கானில் இருந்து பக்குவமாக எடுத்துவிட்டு, "வெளிச்சத்தோட வாங்க மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அறுத்திருந்தால் அவருக்குப் பல ஆயிரம் ரூபாய் நஷ்டம், அன்றோடு அந்தக் கரையில் எங்களுக்கு இடமும் இருந்திருக்காது. இருக்கவும் கூடாது.

அடுத்தது கள்ளக்கடல். இதைப் பற்றி நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ மாணவியர் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கேயோ வீசிய புயல் கிளப்பிவிடும் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கரையில் நின்று குளிக்கிறவர்களுக்கு இது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். கயாக்காரர்களுக்கு இது வேறு மாதிரி ஏமாற்று வேலை செய்யும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி நீளம் என்பதால் ஆழத்தில் இருக்கும்போது அது கயாக்கை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும், அவ்வளவுதான், புதிய ஆளுக்கு சுகமாகக்கூட இருக்கும். "இன்னைக்குக் கடல் நல்லா இருக்கே" என்பார்கள். அதே அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் எழும்பி உடையும். வெளியே இருந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிவது அலையின் முதுகு மட்டும். அது எவ்வளவு உயரத்தில் உடைகிறது என்பது, பகலிலேயே, கரைக்கு வந்தால்தான் தெரியும். இருட்டில் சத்தம் மட்டும்தான் கேட்கும். சரி, கடலுக்குள் கல் போட்டுக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவு ஓரமாக ஒதுங்கி ஏறிவிடலாம் என்று நினைத்தால் அங்கே கல், அதோடு கல்லை ஒட்டித் தண்ணீர் வெளியே இழுக்கிற இடமும் அதுதான்.

சித்ரா பௌர்ணமிக்கு விதிவிலக்கு கேட்கிறார்கள். கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே நிலா ஏறுவதைக் கடலில் மிதந்தபடி பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, நிலா வெளிச்சமும் இருக்குமே என்கிறார்கள். பௌர்ணமிக்குக் கடல் ஏற்றம் அதிகம், கள்ளக்கடல் வருகிற மாதமும் அதுதான், இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வரும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. விதிவிலக்கு கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது.

"மேற்கே வேண்டாம், வட்டக்கோட்டை, சின்னமுட்டம் பக்கம் போகலாம், அங்கே அலை குறைவு" என்று சிலர் சொல்கிறார்கள். ஏப்ரலில் சரி. மே கடைசியில் தென்மேற்குக் காற்று பிடித்தபிறகு யோசிக்க வேண்டும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று அது, கிழக்குக் கரையில் அது நிலத்தில் இருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாகத்தான் கிடக்கும், அதைப் பார்த்து ஏமாந்து அரை கிலோமீட்டர் வெளியே போய்விட்டால் திரும்பும்போது முகத்தில் காற்று. துடுப்பை நிறுத்தினால் கரை தள்ளிப் போகும். பாய்மரம் கட்டிப் பழகிய நம் பெரியவர்களுக்கு எந்தக் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் தள்ளும், நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அத்துப்படி. கோவாவில் இருந்து பயிற்சியாளரைக் கூட்டி வருகிற கிளப், உள்ளூரில் கடல் அனுபவம் உள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஒவ்வொரு முறையும் ஒரு ஃபைபர் போட்டோடு கூட வரச் சொன்னால் என்ன? மீன்பிடிக்கத் தடை உள்ள நாட்களில் அது ஒரு வீட்டுக்கு வருமானமாகவும் இருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மணக்குடி இருக்கிறது. பழையாறு வந்து சேர்கிற காயல், ஓரத்தில் அலையாத்திச் செடிகள், பறவைகள். கவிழ்ந்து ஏறிப் பழக அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. காயல் கடலில் சேர்கிற பொழிமுகத்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது, பொழி திறந்திருக்கும்போது ஆளை அப்படியே கடலுக்குள் கொண்டு விட்டுவிடும்.

ஆகவே கிளப்காரர்களுக்கு: மூன்றரைக்குக் கூடுங்கள், நாலு மணிக்கு இறங்குங்கள், ஆறு மணிக்குக் கயாக் மணலில் இருக்க வேண்டும். வெயில் அடிக்கும் என்றால் தொப்பி போடுங்கள். அஸ்தமனம் எங்கும் ஓடிப் போகாது. கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு மேல் மூன்றடி உயரத்தில்கூட இருக்காது, முட்டம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் பாறையில் ஏறி நின்றால் சூரியன் உங்களுக்குச் சில நொடிகள் பிந்தியே மறையும், போட்டோவும் நன்றாக விழும். புறப்படும் முன்னால் எத்தனை பேர், எந்தத் துறை, எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்பதை அந்த ஊர்க் கமிட்டியிலும் கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போவது பெரிய வேலை ஒன்றும் இல்லை. 1093, 1554 என்ற இரண்டு எண்களும் எல்லார் செல்போனிலும் இருக்கட்டும், முதலாவது கடலோரக் காவல் குழுமம், இரண்டாவது கடலோரக் காவல்படை.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதற்கும் இருக்கிறது, அனுமதி என்று ஆரம்பித்தால் ஆறு ஆபீஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதால் அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள், விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் பேப்பரைத் திறக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் நம் கடற்கரைக்கு அலை உயரம், கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாம் வெளியிடுகிறது. அணை நீர்மட்டத்துக்குக் கீழே அதையும் இரண்டு வரி போடுங்கள், மார்ச் முதல் ஜூன் வரையாவது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணவாளக்குறிச்சி.