குண்டு புதைத்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்

ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்திருக்கும், சத்தீஸ்கரின் பஸ்தர் மாவோயிஸ்ட் இயக்கத்தினருக்கு, வணக்கம்.

நான் தென்காசி மாவட்டத்துக்காரி. என் அம்மா 30 வருடம் பீடி சுற்றினார். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, கத்தரியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அந்த இலை எங்கிருந்து வருகிறது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. 'வடக்கே இருந்து வருது' என்பார்கள், அவ்வளவுதான். நடு இந்தியக் காடுகளில், பஸ்தரிலும், ஆதிவாசிப் பெண்கள் பறித்துக் கட்டுக்கட்டாகக் காயவைப்பது அது என்று நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பிந்தி.

1980-ல் உங்கள் ஆட்கள் கோதாவரியைத் தாண்டி அந்தக் காட்டுக்குள் போனபோது முதலில் கையிலெடுத்த பிரச்சினைகளில் ஒன்று இந்த இலைக்கான கூலி. ஒப்பந்தக்காரர்கள் ஒரு கட்டுக்குச் சில பைசா கொடுத்துவந்த காலம். நீங்கள் போராடித்தான் அது கூடியது. அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அதே இலை பறிக்கப் போகிற பாதையில்தான் நீங்கள் புதைத்த, மிதித்தால் வெடிக்கிற பிரஷர் குண்டு கிடக்கிறது.

கம்பி இழுத்து வெடிக்கவைக்கும் கண்ணிவெடிக்கு மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும், வருவது யார் என்று பார்க்க அங்கே ஒரு கண்ணாவது இருக்கிறது. பிரஷர் குண்டுக்கு அதுவும் கிடையாது. சிப்பாயின் பூட்ஸும் ஒன்றுதான், பத்து வயதுப் பிள்ளையின் வெறுங்காலும் ஒன்றுதான். மாடு மிதித்தாலும் வெடிக்கும்.

இலுப்பைப் பூ பொறுக்கும் காலத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மார்ச், ஏப்ரலில் ராத்திரியெல்லாம் உதிரும். மாடு வந்து தின்பதற்குள் பொறுக்க வேண்டும் என்று இருட்டோடு கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் கிளம்புவார்கள். மரத்தடியில் குனிந்தபடி, பூவை மட்டும் பார்த்துக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி என்று நகர்வார்கள். பூ முடிந்த கையோடு பீடி இலை. வருடத்தில் கொஞ்சம் காசு பார்க்கிற இந்த நாட்களில்தான் அவர்கள் காட்டுக்குள் அதிகமாக நடக்கிறார்கள்.

2025 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் உங்கள் மூத்த தலைவர் மல்லோஜுல வேணுகோபால் ராவோடு 60 பேர் வந்தீர்கள். சில நாளில் பஸ்தரின் ஜக்தல்பூரில் 210 பேர். துப்பாக்கிகளை எண்ணி வாங்கினார்கள், படம் எடுத்தார்கள். புதைத்தவற்றை யார் எண்ணினார்கள்?

அரசை நம்ப உங்களுக்குத் தயக்கம் இருக்கும். 2005-ல், அரசு ஆதரவோடு உங்களுக்கு எதிராகக் கிளம்பிய சல்வா ஜுடும் என்ற ஆயுதப் படை ஊர் ஊராக ஜனங்களை விரட்டியதும், அதற்கு ஆள் கொடுத்த முறையை 2011-ல் உச்ச நீதிமன்றமே சட்டவிரோதம் என்றதும் எனக்குத் தெரியும். 2012 ஜூனில் சத்தீஸ்கரின் சர்கேகுடா கிராமத்தில் பாதுகாப்புப் படையினர் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரமில்லை என்று பின்னால் விசாரணை ஆணையமே சொன்னது. இதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் பூ பொறுக்குகிறவள் இந்த எதிலும் உங்களுக்குக் கடன்பட்டவள் இல்லையே.

கொலம்பியாவில் ஃபார்க் கெரில்லாக்கள் ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே, 2015-ல், எல் ஒரெஹோன் என்ற மலைக் கிராமத்தில் தாங்கள் புதைத்த கண்ணிவெடி இருக்கும் இடங்களைக் காட்டிக்கொடுத்தார்கள். தோண்டி எடுத்தது அவர்களோடு சண்டை போட்ட அதே ராணுவம். நார்வேயைச் சேர்ந்த ஓர் அமைப்பு நடுவில் நின்றது. சமாதான ஒப்பந்தம் அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது.

நீங்களும் உட்காருங்கள். வரைபடம் இருந்தால் கொடுங்கள். இல்லையா, சரி, நினைவிலிருந்து சொல்லுங்கள்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த மரத்துக்கு இந்தப் பக்கம். தாழ்நிலைக் குழுவில் இருந்த பையன்களுக்குத்தான் இது இன்னும் நன்றாகத் தெரியும். அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதிகாரியிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் கிராமத்துப் பெரியவர்களிடம் அவர்களுடைய கோண்டி மொழியில் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர்கள்மேல் அதை வைத்தே புது வழக்குப் போடக் கூடாது என்று அரசையும் இந்த மடலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பூ உதிர்வதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பீடி சுற்றியவரின் மகள்