நான்காவது மனு: படகைத் தண்ணீரில் இறக்க அனுமதி வேண்டி

பாஸ்டன்,
17.4.1775

அனுப்புநர்:
தோணிக்காரன், வடமுனைப் பகுதி, பாஸ்டன், மாசசூசெட்ஸ் மாகாணம்.

பெறுநர்:
மேதகு ஆளுநரும் படைத் தளபதியுமான தாமஸ் கேஜ் அவர்கள், மாகாண மாளிகை, பாஸ்டன்.

பொருள்: சார்ல்ஸ்டவுன் துறையிலிருந்தும் துறைமுகத் தீவுகளிலிருந்தும் விறகு, வைக்கோல் ஏற்றிவர என் ஒற்றைப் படகுக்கு அனுமதி கோருதல்.

பார்வை: சென்ற ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி மாதங்களில் நான் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றுக்கும் பதில் இல்லை.

மேதகு ஐயா,

வணக்கம். தாங்கள் இந்த ஊருக்குப் புதியவர் அல்ல. இருபது ஆண்டுக்காலம் அமெரிக்காவில் பணியாற்றியவர். தங்கள் துணைவியாரும் நியூ ஜெர்சியில் பிறந்தவர்தான். சென்ற மே மாதம் 17-ஆம் தேதி தாங்கள் நம் லாங் வார்ஃப் துறையில் கால் வைத்தபோது ஊரே திரண்டு அணிவகுப்பு மரியாதையோடு வரவேற்றது. கூட்டத்தில் நானும் நின்றேன், தொப்பியைக் கழற்றினேன். அந்த நம்பிக்கையில்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

1. தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக லண்டன் பாராளுமன்றம் நம் துறைமுகத்தை மூடி இன்றோடு பத்து மாதம் பதினாறு நாள் ஆகிறது.

2. கிரிஃபின் துறையில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு. கொட்டியவர்களில் நான் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு அடுத்தவன் சொத்து, அதைக் கொட்டியது தப்பு என்று அன்றே என் வீட்டில் சொன்னவன் நான். போன ஜூனில் ஊர்க்கூட்டத்தில் சில வணிகர்கள், தேயிலைக்கான பணத்தைக் கட்டிவிட்டுத் துறைமுகத்தைத் திறக்கச் சொல்லலாம் என்றார்கள். கூட்டத்தில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஆனால் என் பாதி மனசு அவர்கள் பக்கம்தான் இருந்தது. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதி மனசு இப்போது இல்லை.

3. விறகு. ஐயா, மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள், இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

நம் ஊர் கிட்டத்தட்ட ஒரு தீவு. ராக்ஸ்பரி பக்கம் ‘கழுத்து’ என்று சொல்கிறோமே, அந்த ஒரு ஒடுக்கமான பாதைதான் நிலத்தோடு நம்மைச் சேர்க்கிறது. மற்ற எல்லாம் தண்ணீர்வழி வந்து பழக்கப்பட்டவை. சார்ல்ஸ்டவுனில் யார் வீட்டு அடுப்பு புகைகிறது என்று என் வாசலில் நின்றே சொல்லிவிடலாம், அவ்வளவு கிட்டம். அந்தக் கரையில் விறகு அடுக்கிக் கிடக்கிறது. இந்தக் கரையில் நான் நிற்கிறேன். நடுவில் போர்க்கப்பல் நிற்கிறது. ஆள் வேண்டுமானால் அக்கரைக்குப் போய் வரலாம், ஒரு கட்டு விறகு வரக்கூடாது.

உணவும் எரிபொருளும் வரலாம் என்று துறைமுகத்தை மூடிய சட்டத்திலேயே இருக்கிறதே என்று தங்கள் எழுத்தர் சொல்வார். இருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். விறகுப் படகு முதலில் வடக்கே உள்ள மார்பிள்ஹெட் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அங்கே சுங்கக்காரர் சோதனை போட வேண்டும். அப்புறம் ஒரு அதிகாரியும் அவருக்குக் காவலாக ஆயுதம் தாங்கியவர்களும் படகில் ஏறி உடன்வர வேண்டும். ஐயா, என் படகில் விறகு ஏற்றினால் நானும் என் மகனும் உட்காரவே இடம் பத்தாது. இதில் துப்பாக்கிக்காரர்களை எங்கே உட்கார வைப்பேன்? விறகுக்கு மேலேயா?

மற்ற சரக்கு எல்லாம் மார்பிள்ஹெட்டிலோ அதன் பக்கத்து ஊரான சேலத்திலோ இறங்கி, மாட்டு வண்டியில் ஏறக்குறைய 28 மைல் சுற்றி வருகிறது. வண்டிக்கூலி சரக்கு விலையைத் தின்றுவிடுகிறது. தீவுகளில் அறுத்த வைக்கோல் அங்கேயே மக்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற வைக்கோலைக் கொண்டுவர முடியாமல் என் பசுவை நவம்பரில் விற்றேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் பசுவை விற்பது என்றால் என்ன என்று தங்கள் துணைவியாரைக் கேட்டால் சொல்வார்.

என் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. படகு காயக்கூடாது ஐயா. காய்ந்தால் வாய் பிளக்கும். பலகை இடுக்குகளில் அடைத்த நாரும் தாரும் உதிர்ந்து, இப்போது விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அடியில் கோழி முட்டையிடுகிறது. காலையில் என் மகள் போய் எடுத்து வருவாள். பத்து மாதத்தில் அந்தப் படகு சம்பாதித்துக் கொடுத்தது அந்த முட்டைகள்தான். இந்தக் குளிர்காலம் கொஞ்சம் இரங்கியது. இல்லாவிட்டால் படகையே உடைத்து எரித்திருப்பேன்.

4. பிச்சை எடுக்கவில்லை, ஆனால் அதற்குக் கிட்டத்தில் வந்துவிட்டோம். கனெக்டிகட்டின் விண்டாம் ஊர்க்காரர்கள் 258 ஆடுகளை ஓட்டி அனுப்பினார்கள். தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது, மார்பிள்ஹெட்காரர்கள் மீன் அனுப்பினார்கள். நமக்குத் துறைமுகம் மூடினால் அவர்களுக்கு வியாபாரம் கூடும் என்று லண்டனில் கணக்குப் போட்டார்களாம்! நன்கொடைக் குழு எங்களுக்குத் தெருவில் கல் பதிக்கிற வேலையும் செங்கல் அறுக்கிற வேலையும் தந்து கூலி கொடுக்கிறது. துடுப்புப் பிடித்த கையால் செங்கல் அறுக்கிறேன். விர்ஜீனியா எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. துறைமுகம் மூடிய அன்று அவர்கள் எங்களுக்காக நோன்பு இருந்தார்கள் என்று கேட்டதிலிருந்து, அவர்களை ‘அந்த ஊர்க்காரர்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை.

5. மனு கொடுப்பதைப் பற்றி. காகிதங்களுக்கு வரி போட்ட முத்திரைச் சட்டம் 1765-இல் வந்தபோது கத்தினோம், அடுத்த ஆண்டு எடுத்தார்கள். எடுத்த கையோடு, எங்களைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் போடத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு சட்டம் போட்டார்கள். 1767-இல் கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலைக்கு வரி. மனு கொடுத்தோம், 1768 அக்டோபரில் பட்டாளம் வந்து இறங்கியது. 1770 மார்ச்சில் கிங் தெருவில் அந்தப் பட்டாளம் சுட்டு 5 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தேயிலைக்கு மட்டும் பவுண்டுக்கு 3 பென்னி வரியை விட்டுவைத்தார்கள். மூன்று பென்னி பெரிய காசு இல்லை, தெரியும். எங்களைக் கேட்காமல் போட்டது என்பதுதான் பேச்சு.

போன செப்டம்பர், அக்டோபரில் பிலடெல்பியாவில் 12 மாகாணங்களின் ஆட்கள் கூடி மன்னருக்கே மனு எழுதினார்கள். ஜனவரியில் அதைப் பாராளுமன்றத்தில் மற்றக் காகிதக் கட்டுகளோடு ஒன்றாக வைத்துவிட்டார்களாம். மன்னருக்குப் போன மனுவுக்கே அந்தக் கதி என்றால், தோணிக்காரன் மனு எந்த மேசைக்கு அடியில் கிடக்கிறதோ.

6. ஊர்க்கூட்டம் கூட்டத் தங்கள் அனுமதி வேண்டும் என்று புதுச் சட்டம். நாங்கள் புதிதாக எதுவும் கூட்டவில்லை, ஒத்திவைத்த பழைய கூட்டத்தைத்தான் தொடர்கிறோம். (இதற்குத் தாங்கள் கோபப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.)

7. செப்டம்பர் 1-ஆம் தேதி விடியற்காலையில் தங்கள் வீரர்கள் சார்ல்ஸ்டவுன் பக்கத்து வெடிமருந்துக் கிடங்கிலிருந்து பீப்பாய்களை எடுத்துப் போனார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது என்று பொய்ச்செய்தி பரவி, ஆயிரக்கணக்கில் ஆட்கள் கேம்பிரிட்ஜை நோக்கி நடந்தார்கள். அதில் என் மைத்துனர் ஒருவர். கோழி அடிக்கவே கை நடுங்குகிறவர். அன்று துப்பாக்கியோடு போனவர், இப்போது வாரந்தோறும் பயிற்சிக்குப் போகிறார். தாங்கள் கழுத்தில் காவல்சுவர் எழுப்பினீர்கள். பட்டாளத்துக்குக் குடியிருப்பு கட்ட ஊர்த் தச்சர்கள் மறுத்துவிட்டார்கள். நம் மாகாணத்து ஊஸ்டரில் நீதிமன்றமே நடக்கவில்லை. கழுத்தைத் தாண்டினால் தங்கள் உத்தரவு செல்லாது ஐயா. ஊருக்குள் மட்டும்தான் செல்லும். அதனால்தான் ஊருக்குள் இருக்கிற நாங்கள் அதை இரண்டு மடங்காகச் சுமக்கிறோம் போலிருக்கிறது.

8. இம்மாதத் தொடக்கத்தில் மார்பிள்ஹெட்டுக்கு வந்த கப்பலில் சேதி வந்தது. இந்த மாகாணமே கலகத்தில் இறங்கிவிட்டது என்று பாராளுமன்றம் மன்னருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து கழுத்துப் பாதையில் வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டிகள் வெளியே போனபடி இருக்கின்றன. நான் போகவில்லை. படகை வண்டியில் ஏற்ற முடியாது.

கலகக்காரன் மனு எழுதுவானா, ஐயா? அதுவும் நான்காவது முறை?

ஆகவே ஐயா அவர்கள் மனமிரங்கி, சார்ல்ஸ்டவுன் துறைக்கும் துறைமுகத் தீவுகளுக்கும் நம் துறைக்கும் இடையே, பகல் நேரத்தில், விறகும் வைக்கோலும் மட்டும் ஏற்ற, என் ஒரு படகுக்கு அனுமதிச்சீட்டு தருமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சோதனை போட வேண்டுமானால் இங்கேயே போடட்டும். தினமும் போடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
தோணிக்காரன்

பின்குறிப்பு: சனிக்கிழமை இரவு, கப்பல்களின் படகுகளையெல்லாம் தண்ணீரில் இறக்கிப் போர்க்கப்பல்களின் பின்புறம் வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். வடமுனையில் எல்லோரும் பார்த்தோம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அத்தனை படகு இறங்கலாம் என்றால், என்னுடையதும் ஒன்று இறங்கலாமே என்று மட்டும்தான் கேட்கிறேன். தார் பூச இரண்டு நாள் போதும், புதன்கிழமைக்குள் தயாராகிவிடும்.