அழிப்பதற்கு முன் எழுதிக் கொடுங்கள்: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் தயாரிக்கும் நிறுவனங்களில் பொறியியல் பிரிவுக்கும் சர்வீஸ் பிரிவுக்கும் பொறுப்பு வகிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று நின்றுபோகிறது. கொஞ்ச நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் 'ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லை' என்று சாவியைத் திருப்பித் தருகிறார்கள். இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல என்பதால் அதன் பின்னணியை விரித்து உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கோளாறு வந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் பதிவு செய்து வைக்கும், ஸ்கேனர் கருவியால் படிக்கக்கூடிய எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் அவற்றை வண்டிக்காரருக்கு எழுதிக் கொடுங்கள். வயரிங் வரைபடத்தை, கேட்கிற எந்த மெக்கானிக்குக்கும் கொடுங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அவரால் நாலு அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. ரத்த அழுத்தம் இறங்கி, தலைசுற்றிக் கிடப்பார். அப்படி அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஓட்டிவந்த ஒரு மாலையில், மேம்பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. முன்கூட்டி ஒரு குலுக்கல்கூட இல்லை. ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபடியே இருக்கிறது, டாக்கோமீட்டர் முள் சரிந்து பூஜ்யத்தில் விழுகிறது. டாஷ்போர்டில் எஞ்சின், பேட்டரி, ஆயில், ஸ்டீயரிங் என்று எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிகின்றன. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பிரேக் பெடல் இரண்டு மிதி வரை இறங்கியது, அதற்கப்புறம் கட்டையாகிவிட்டது. ஓரம் கட்ட அந்தப் பாலத்தில் இடமே இல்லை. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அழுத்தியபடி கடைசி நொடியில் ஒடித்து விலகிப் போனது. "நான் இறங்கிக்கிறேன்பா, நீ தள்ளிப் பாரு" என்றார் அப்பா. எழுந்து உட்காரவே தெம்பில்லாத மனிதர் அதைச் சொன்னார்.

வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனது, வீடு வந்து சேர்ந்தோம். மறுநாளே சர்வீஸ் சென்டரில் விட்டேன். மாலையில் சாவியைக் கொடுத்துக்கொண்டே அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர் சொன்னார்: "வேற வேற மாட்யூல்ல சில பழைய கோடு இருந்துச்சு சார், எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டோம். இப்ப வண்டி சுத்தமா இருக்கு."

மாட்யூல் என்றால் காரின் ஒவ்வொரு பகுதியையும் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர். என்ன கோடு, எந்த மாட்யூலில், எத்தனை கிலோமீட்டரில் பதிவானது என்று கேட்டேன். அதையெல்லாம் குறித்து வைப்பதில்லை என்றார். செய்த வேலையைக் குறித்துத் தரும் ஜாப் கார்டைப் பார்த்தேன். 'சோதிக்கப்பட்டது, கோளாறு இல்லை' என்று இருந்தது.

அதற்கப்புறமும் வண்டி நின்றது. பேட்டரியை மாற்றினார்கள், நின்றது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரை மாற்றினார்கள், நின்றது. அடுத்து, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வையே மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். 'மாற்றிப் பார்க்கலாம்' என்பது பரிசோதனை ஆகாது என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பிடித்தேன். மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த சொந்தக் கார் வாசலில் நின்றது. அதில் ஏறு என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தவர் உங்கள் நெட்வொர்க்கில் இல்லாத ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அவர் ஸ்கேனரை எடுக்கும் முன் கேள்வி கேட்டார். எஞ்சின் சூடான பிறகு நிற்கிறதா, ஏற்றத்தில் நிற்கிறதா, மேடுபள்ளத்தில் நிற்கிறதா? பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இ.சி.யு.வின் எர்த் பின்னிலும் (மின்சாரம் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) வைத்து எஞ்சினை ஓடவிட்டார். அங்கே பத்தில் ஒரு பங்கு வோல்ட்கூடக் காட்டக் கூடாது. வயர் கட்டைக் கையால் லேசாக அசைத்ததும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது, எஞ்சின் நின்றது. இவ்வளவு நாள் யாருக்கும் பிடிபடாதது கண் முன்னால் நடந்தது.

அந்த எர்த் எங்கே போய் பாடியில் சேர்கிறது என்று தேடத்தான் நேரம் பிடித்தது. அவரிடம் வரைபடம் இல்லை. உள்பக்க பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு போல்ட். அதில் மாட்டியிருந்த லக்குக்கு, அதாவது வயர் முனையிலுள்ள உலோக வளையத்துக்கு, அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. உலோகத்தை உலோகம் தொட வேண்டிய இடத்தில் பெயின்ட்டின் மேல் லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை கடித்த இடத்தில் மட்டும் தொடர்பு இருந்திருக்கிறது. நாளடைவில் அது தளர்ந்து, துருவும் ஏறிவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, புது லக் போட்டு, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. "எர்த் பாயின்ட் எங்கேன்னு ஒரே ஒரு தாள் இருந்திருந்தா அரை மணி நேர வேலை சார்" என்றார் அவர்.

இப்போது அந்த அழிக்கப்பட்ட கோடுகளுக்கு வருகிறேன். இ.சி.யு.வுக்கு எர்த் போனால் அதற்கு மின்சாரமே இல்லை. மின்சாரம் இல்லாத பெட்டி தன் கோளாறைத் தானே எழுதி வைக்க முடியாது. மயங்கி விழுந்தவரிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். காரில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குறைவில்லை. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய, மாட்யூல்களை இணைக்கும் கேன் பஸ் என்ற தகவல் பாதை வழியாக, முறுக்கிய இரண்டு வயர்களில், ஏ.பி.எஸ்., ஏர்பேக், மீட்டர் எல்லாம் எஞ்சின் இ.சி.யு.வோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினிடமிருந்து பதில் நின்றதும் அவை ஒவ்வொன்றும் யு0100 என்ற கோடைப் பதிவு செய்யும். எஞ்சின் இ.சி.யு.வோடு தொடர்பு அறுந்தது என்பது அதன் பொருள். பல மாட்யூல்களில் ஒரே நேரத்தில் அந்தக் கோடு இருந்தால், அனுபவமுள்ள எவரும் முதலில் இ.சி.யு.வின் பவரையும் எர்த்தையும்தான் பார்ப்பார். அட்வைசர் 'வேற வேற மாட்யூல்ல' என்று சொன்னது இவற்றைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருந்த ஒரே சாட்சியை ஒரு பட்டனை அழுத்தி அழித்துவிட்டு, கோளாறு இல்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

டெக்னீஷியன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விட்டு விட்டு வரும் எலெக்ட்ரிக்கல் கோளாறைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அந்த எலெக்ட்ரீஷியன் கார்ப்பெட்டுக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்தபோது பார்த்தேன். கனெக்டருக்குள் ஈரம், அதிர்வில் தேய்ந்த பின், எலி கடித்த வயர் என எதுவாகவும் இருக்கலாம். பொறுமையாகத் தேட நேரம் வேண்டும். சர்வீஸ் சென்டரில் அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். அது நேர்மையான வாக்கியம், யாரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார்கள். 'கோளாறு இல்லை' என்று எழுதுவது, பாலத்தின் மேல் நின்றவனைப் பொய்யன் என்று சொல்வது.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததை இந்தத் துறையில் இருக்கும் நீங்கள் மறந்திருக்க முடியாது. ஓடும்போதே இக்னிஷன் சுவிட்ச் நழுவி எஞ்சின் நின்றது, ஏர்பேக்கும் விரியாமல் போனது. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனம் இழப்பீடு கொடுத்தது. நடுவழியில் வண்டி நிற்பது ஓட்டுநரின் வசதி சம்பந்தப்பட்ட பிரச்சினை, பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்றே உள்ளே பல ஆண்டுகள் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். சுவிட்ச்சைத் திருத்தியபோது பார்ட் நம்பரைக்கூட மாற்றவில்லை. அதனால் பழையது எது, புதியது எது என்று விசாரித்தவர்களுக்கே பிடிபட நாளானது. எழுதி வைக்காத ஒன்று என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்ற, வண்டி தன் கோளாறைத் தானே கவனித்துப் பதிவு செய்யும் பொது முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட்டும் பொதுவான எஞ்சின் கோடுகளும் எல்லாருக்கும் திறந்திருப்பது அதனால்தான். ஆனால் சட்டம் கேட்டது புகையைப் பற்றி. ஆகவே புகை சம்பந்தப்பட்டதைத் திறந்தீர்கள், மற்ற மாட்யூல்களில் பெரும்பகுதியை உங்கள் ஸ்கேனருக்கு மட்டும் என்று பூட்டினீர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலும் 2020இலும் மக்கள் வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவல் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 விதியின்படி வெளி மெக்கானிக்குகளுக்கும் பழுதுபார்ப்புத் தகவல் கிடைத்தாக வேண்டும். சட்டம் பிடித்து இழுத்த இடத்தில் உங்களால் கொடுக்க முடிகிறது. அப்படியானால் மற்றவர்களுக்கும் கொடுக்கலாமே.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பல கார்களில் பேட்டரி மாற்றினால்கூட அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு மாட்யூல் போனால், உடைத்து விற்ற இன்னொரு வண்டியிலிருந்து நல்ல மாட்யூலை எடுத்துப் போட முடியவில்லை, உங்கள் சர்வர் அனுமதித்தால்தான் அது உயிர்பெறும். மின்சாரக் காரின் அடியில் அவ்வளவு பெரிய பேட்டரி கிடக்கிறது. ஆனாலும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் பெரும்பாலான கார்கள் அசையாது, சிலவற்றில் கதவைத் திறப்பதே போராட்டமாகிவிடுகிறது. தண்ணீர் தேங்கும் என்று தெரிந்த கார்ப்பெட்டுக்கு அடியில் மாட்யூலைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். ஏ.சி.யைக் குறைக்கக்கூடத் திரையைத் தொட வேண்டும், திரை உறைந்துபோனால் ஏ.சி.யும் இல்லை. இதையெல்லாம் வாங்குபவர் விரும்பிக் கேட்டார் என்கிறீர்கள். வழியில் நிற்காத காரைத்தான் நாங்கள் முதலில் கேட்டோம். இன்றும் அதைத்தான் கேட்கிறோம்.

மன்னிக்க வேண்டும், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததற்கே திரும்புகிறேன். ஜாப் கார்டு திறந்ததும் எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்து, அந்த அறிக்கையை அப்படியே அச்செடுத்து வண்டிக்காரரிடம் கொடுங்கள். கொடுத்த பிறகு அழியுங்கள். உங்கள் ஸ்கேனரிலேயே அறிக்கையைச் சேமிக்கும் வசதி இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எர்த் பாயின்ட்கள், ஃபியூஸ்கள், கனெக்டர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வயரிங் வரைபடத்தை, நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டாவது வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுங்கள். அடுத்த வண்டியில் அடுத்த எலெக்ட்ரீஷியன் விரலால் தடவித் தேட வேண்டாம்.

வெளி ஆள் கை வைத்தார் என்பதற்காக வாரண்டி போய்விடும் என்று சொல்வதையும் நிறுத்துங்கள். என் வண்டியில் அந்தக் கை பட்டபிறகுதான் அப்பாவைத் தைரியமாக ஏற்றிக்கொண்டு போகிறேன். அந்த போல்ட் பற்றிய விவரத்தை, படங்களோடு, சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது, அப்புறம் பேச்சில்லை. அதே வரிசையில் அதே நாட்களில் முறுக்கப்பட்ட போல்ட்கள் வேறு எத்தனை வண்டிகளில் இருக்கின்றன என்பதை உங்களால் மட்டும்தான் பார்க்க முடியும். தயவுசெய்து பாருங்கள். பார்த்துவிட்டு, என் ஜாப் கார்டில் 'கோளாறு இல்லை' என்று இருக்கும் இடத்தில் 'இ.சி.யு. எர்த் தொடர்பு தளர்வு' என்று திருத்தி, கையெழுத்திட்டு அனுப்பிவையுங்கள். நாளை இதே வண்டியை இன்னொருவர் வாங்கினால் அவருக்கும் தெரிய வேண்டிய விவரம் அது.

இப்படிக்கு,
உங்கள் கார் ஒன்றின் உரிமையாளர்