நீ எடுக்கும் பணம் யாருடையது?

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட் நகலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு ஆவணியில் பிரசவம். அவள் அம்மா இப்போதே பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கத் தொடங்கிவிட்டாள். உனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நடப்பதை விட்டுவிடாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நான் பணத்தைத் திரும்பக் கேட்டால், புதிதாகச் சேருகிறவன் போட்ட பணத்தை எடுத்து எனக்குக் கொடுப்பார்களா?" என்று கேட்டிருக்கிறாய். கூடுதல் வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கிய கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாக மூடிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். ஓய்வூதியப் பணத்தைப் போடுகிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். உனக்கு ஃபண்டை விற்ற பையன் இதற்குப் பதில் சொல்லாமல் 'நல்ல ரிட்டர்ன் வரும் சார்' என்று மட்டும் சொன்னான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஃபண்ட் என்பது பலர் போட்ட பணத்தைச் சேர்த்துப் பங்குகளோ கடன் பத்திரங்களோ வாங்கி வைக்கும் பொதுப் பை. அதில் உன் பங்கை யூனிட் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். உன் ஸ்டேட்மெண்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் போட்டிருக்கிறாய். அன்றைய என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, 20 ரூபாய். 5,000 யூனிட் வந்திருக்கவேண்டும், ஆனால் 4,999.750 என்று இருக்கிறதே என்று சுழித்து அனுப்பியிருக்கிறாய். அந்தக் கால் யூனிட் முத்திரைத் தீர்வை என்கிற வரிக்குப் போனது. 2020 ஜூலையிலிருந்து நூற்றுக்கு 0.005 பிடிக்கிறார்கள், ஒரு லட்சத்துக்கு ஐந்து ரூபாய். மீதி 99,995 ரூபாயை 20ஆல் வகுத்துப் பார், சரியாக வரும்.

அந்த 20 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஃபண்டிடம் அன்று சாயங்காலம் நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளும் ரொக்கமும் இருந்தன என்று வைத்துக்கொள். பணம் போட்டவர்கள் கையில் மொத்தம் ஐந்து கோடி யூனிட் இருக்கிறது. வகுத்தால் 20. நீ ஒரு லட்சத்தோடு வருகிறாய், உனக்காகப் புது யூனிட்டுகள் உருவாகின்றன. சொத்தும் கூடிற்று, யூனிட்டும் அதே விகிதத்தில் கூடிற்று. வகுத்தால் மறுபடியும் 20. உனக்கு முன்னால் இருந்தவனுக்கு உன் வரவால் ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஃபண்டின் மொத்தச் சொத்து மதிப்பு பத்து சதவீதம் ஏறினால் எல்லோருடைய யூனிட்டும் 22. அன்று நீ வெளியேறினால் உன் யூனிட்டுகளை ரத்து செய்துவிட்டு உன் பங்கை மட்டும் கொடுப்பார்கள். கையிருப்பு ரொக்கம் போதாவிட்டால் பங்குகளை விற்றுக் கொடுப்பார்கள். ஆக, நீ எடுப்பது உன்னுடையதையே. அன்றைக்கு உள்ளே வருகிறவனின் காசிலிருந்து கொடுத்தாலும் கணக்கு மாறாது. ஏனென்றால் அவனுக்கு ஈடாக அதே மதிப்புள்ள சொத்து உள்ளே நிற்கிறது. ஏமாற்றுக் கம்பெனியில் அந்தச் சொத்துதான் இருக்காது.

தங்கச்சி நடத்தும் ஏலச்சீட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சீட்டில் ஒருவர் எடுக்கும் பணம் அந்த மாதம் மற்றவர்கள் கட்டிய பணம். யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் தங்கச்சிதான் கைக்காசைப் போடவேண்டும். ஃபண்டில் யாரும் யாருக்கும் கட்டவேண்டியதில்லை. ஆனால் சந்தை இறங்கினால் உன் பங்கும் இறங்கும், அதை ஈடுகட்ட ஆள் கிடையாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. நீ விண்ணப்பிக்கும்போது என்ன விலை கிடைக்கும் என்று உனக்கே தெரியாது. மூன்று மணிக்குள் பணம் ஃபண்டின் கணக்குக்குப் போய்விட்டால் அன்றைய என்.ஏ.வி., தாண்டினால் அடுத்த வேலை நாளுடையது. அன்றைய சந்தை முடிந்த பிறகுதான் கணக்குப் போடுவார்கள். நேற்றைய விலையில் இன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், சந்தை ஏறிய நாளில் நாலு பேர் உள்ளே புகுந்து பழையவர்களின் லாபத்தைப் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

விலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. யூனிட் டிரஸ்ட்டின் யு.எஸ்.64 ஞாபகம் இருக்கிறதா? 1964இல் ஆரம்பித்து, நடுத்தரக் குடும்பங்கள் வங்கி டெபாசிட் போலவே நம்பிய திட்டம். அதன் விற்கும் விலையும் திரும்ப வாங்கும் விலையும் சொத்துக் கணக்கிலிருந்து வரவில்லை, நிர்வாகம் அறிவித்தது. உள்ளே இருந்த பங்குகளின் மதிப்பு சரிந்த பிறகும் அறிவித்த விலை மேலேயே நின்றது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார். பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒரு யூனிட், உண்மை மதிப்பு பத்துப் பத்து ரூபாய், மொத்தம் நூறு. அறிவித்த விலை 14. விவரம் தெரிந்த ஐந்து பேர் வெளியேறினால் 70 ரூபாய் போய்விடும். மிச்சம் இருக்கும் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஆறு ரூபாய்தான். 2001இல் பெரிய நிறுவனங்கள் பெருந்தொகைகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஜூலையில் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் அரசாங்கம் கைகொடுக்கவேண்டி வந்தது, யூனிட் டிரஸ்ட்டும் 2003இல் இரண்டாகப் பிரிந்தது. வாசல் கடைசி நாள்வரை திறந்துதான் இருந்தது, விலைதான் பொய்யாக இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. கடைசியில் மாட்டியவர்கள் பேப்பரில் ஒரு வரி சேதிகூட முன்னால் தெரியாத சின்ன மனிதர்கள்.

இன்னொரு ஆபத்து வேறு மாதிரி. விலை சரியாகவே இருக்கும், ஆனால் உள்ளே உள்ள சொத்தை விற்க ஆள் இருக்காது. பெரிய கம்பெனிப் பங்குகளை நிமிஷத்தில் விற்கலாம். தரம் குறைந்த கம்பெனிகளின் கடன் பத்திரங்களுக்கு நல்ல காலத்திலேயே வாங்குபவர் குறைவு. கொரோனா வந்து எல்லோரும் ஒரே சமயத்தில் பணத்தைக் கேட்டபோது, 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் கம்பெனி, இப்படிக் கடன் பத்திரங்களில் பணம் போட்ட ஆறு ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் மாட்டிக்கொண்டது. சில நாளில் ரிசர்வ் வங்கி ஃபண்டுகளுக்காக 50,000 கோடிக்குக் கடன் வசதி திறந்தது. உச்ச நீதிமன்றம்வரை போய், பத்திரங்களை விற்க விற்கப் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. வந்தது என்பது ஆறுதல்தான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவனுக்குத் தேதி முக்கியம் இல்லையா? அதனால் ஃபண்டின் பெயரைவிட உள்ளே என்ன வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று பார். மாதாமாதம் அந்தப் பட்டியலை வெளியிடுகிறார்கள்.

'கம்பெனி திவாலானால்?' என்றும் கேட்டிருந்தாய். ஃபண்டை நடத்தும் கம்பெனி வேறு, பணம் வேறு. சொத்து, பணம் போட்டவர்களுக்காக அமைத்த டிரஸ்ட்டின் பெயரில் இருக்கும், பங்குகள் கஸ்டோடியன் என்ற தனிப் பாதுகாவல் நிறுவனத்திடம் இருக்கும், யார் எத்தனை யூனிட் என்ற கணக்கை இன்னொரு நிறுவனம் வைத்திருக்கும். உன் ஸ்டேட்மெண்டின் மேலே கேம்ஸ் என்று இருக்கிறதே, அது இங்கே சென்னையில் உள்ள அப்படிப்பட்ட நிறுவனம்தான். நடத்துகிற கம்பெனிக்குச் சேருவது கட்டணம். அதைத் தினமும் துளித்துளியாகக் கழித்துவிட்டுத்தான் என்.ஏ.வி. சொல்கிறார்கள், அதனால் கண்ணில் படாது. ஒரே ஃபண்டில் 'டைரக்ட்' வகை வாங்கினால் ஏஜென்ட் கமிஷன் இல்லாததால் அந்தக் கட்டணம் குறையும். 2013 ஜனவரியிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அந்தப் பையன் சொல்லியிருக்கமாட்டான்.

ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள் என்று கோபப்பட்டிருக்கிறாய். அந்தக் காசு கம்பெனிக்குப் போவதில்லை, ஃபண்டிலேயே சேருகிறது. அவசரமாக எடுப்பவனுக்காகப் பங்கை விற்றால் ஆகும் செலவு உள்ளே இருப்பவர்கள் தலையில் விழாமல் இருக்க அது ஓரளவு ஈடு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

அப்புறம், பத்து ரூபாய்க்குப் புது ஃபண்ட் வருகிறது, மலிவு என்று உன் மைத்துனர் சொன்னாராம். நூறு ரூபாய் யூனிட்டும் பத்து ரூபாய் யூனிட்டும் ஒரே பங்குகளை வைத்திருந்தால் இரண்டும் ஒரே சதவீதம்தான் ஏறும், இறங்கும். அவரிடம் பக்குவமாகச் சொல்.

கிராஜுவிட்டி முழுவதையும் இதில் போடாதே. இரண்டு வருஷச் செலவுக்கான பணம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருக்கட்டும். ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாததை மட்டும் பங்கு ஃபண்டில் வை, அதையும் ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் போடு.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறோம். பெரியவளை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும்தான். திரும்பும்போது கோவில்பட்டியில் இறங்கி ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் தங்குகிறோம். தங்கச்சியிடம் சொல்லிவை. அந்தப் புது ஃபண்ட் விண்ணப்பத்தில் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
சண்முகம்